பயிற்சியில் பிரமாதம், சனிக்கிழமை ஆட்டத்தில் சொதப்பல்: எங்கே தவறுகிறது?

லைன்மேன்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் அமெரிக்காவின் மிட்வெஸ்ட்டில் ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கு) கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் சென்டர். அதாவது ஒவ்வொரு ப்ளேயிலும் பந்தைக் காலுக்கு நடுவே பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்குக்கு ஸ்னாப் செய்துவிட்டு, அதே நொடியில் எதிரே இருக்கும் ஆளைத் தடுக்க வேண்டும். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, பிடித்துப்போய்த்தான் எல்லாப் பையன்களும் ஆடுகிறார்கள். அவன் பள்ளி டீமில் சேர்ந்தபோது எனக்கு டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் ஒன்று) என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது மூன்றாவது டவுனில் இன்னும் எட்டு யார்டு வேண்டும் என்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை பயிற்சியைப் பெற்றோர் பார்க்கலாம் என்றார்கள், இரண்டு முறை போய்ப் பார்த்தேன். அவ்வளவு அழகாக ஆடுகிறார்கள். பந்து கை மாறுவதே தெரியவில்லை, ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்வதில்லை, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ப்ளே தப்பே இல்லாமல் போகிறது. ஆனால் சனிக்கிழமை வந்தால் வேறு டீம் போல ஆகிவிடுகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் வெளியூர் மைதானத்தில் ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன்பே அசைந்துவிடும் தப்பு) மட்டும் ஏழு. ஏழு தடவை ஐந்தைந்து யார்டு பின்னால் போனார்கள், அதில் இரண்டு எதிரணியின் கோல் கோட்டுக்குப் பக்கத்தில். போன வாரம் மழை. என் மகனுடைய ஸ்னாப் மூன்று முறை தாறுமாறாகப் போய், அதில் இரண்டு எதிரணி கையில் கிடைத்தது. வண்டியில் ஏறியவன் அரை மணி நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது ஒரே வாக்கியம்: "அம்மா, இந்த வாரம்தான் எங்களுக்கு இந்த சீசனிலேயே நல்ல ப்ராக்டிஸ்."

அந்த வாக்கியம்தான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. நல்ல பயிற்சி நடந்திருந்தால் ஆட்டத்தில் எங்கே போய்விடுகிறது? பதற்றம்தானா? அல்லது பயிற்சி செய்கிற விதத்திலேயே ஏதாவது இருக்கிறதா? கோச்சிடம் போய்க் கேட்க எனக்கு விருப்பமில்லை, அது அவன் இடம். ஆனால் அவனிடம் என்ன பேசுவது என்றாவது தெரிந்தால் நல்லது. இங்கே கல்லூரி டீம்களோடு பழக்கம் உள்ளவர்கள் இருப்பீர்கள் என்று நினைத்துக் கேட்கிறேன்.

பந்துக்கூடை

அக்கா, நான் ஒரு பெரிய டிவிஷன் 1 டீமில் நாலு வருஷம் ஸ்டூடன்ட் மேனேஜராக இருந்தேன். ஆடியதில்லை. ஆனால் நாலு சீசனிலும் ஒரு பயிற்சி விடாமல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அதனால் இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. டிவிஷன் 1-ல் சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) விதி இருக்கிறது. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகத்தான் கணக்கு. மீதியில் வெயிட் ரூம், வீடியோ பார்ப்பது, மீட்டிங் எல்லாம் போக, புல்லில் கால் வைக்கிற நேரம் ரொம்பக் குறைவு. எங்கள் டீமில் பயிற்சியை ஐந்தைந்து நிமிடமாக வெட்டி வைத்திருப்பார்கள், ஒரு நாளைக்கு 24 துண்டு, ஒவ்வொன்று முடிந்ததும் ஹார்ன் அடிக்கும். ஹார்ன் அடித்தால் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். நடந்து போகிற டீம் ஒரு துண்டுக்கு ஒரு நிமிடம் இழக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கே இருபது நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது.

ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்கிரிப்ட் உண்டு. எந்த ப்ளே, எந்த டவுன், எத்தனை யார்டு, பந்து எந்த ஹேஷ் கோட்டில் (ப்ளே தொடங்கும்போது பந்தை வைக்கிற எல்லையைக் காட்டும், மைதானத்தின் நீளவாட்டுக் கோடுகள்) என்று அச்சடித்த தாள். பந்தை அந்த இடத்தில் வைப்பதுதான் என் வேலை. காலேஜ் மைதானத்தில் இரண்டு ஹேஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி. தொழில்முறை என்எஃப்எல்-இல் 18 அடி 6 அங்குலம்தான். ஆகவே காலேஜில் பந்து இடது ஹேஷில் இருந்தால் வலது பக்கம் மைதானம் அகலமாகத் திறந்து கிடக்கும், இடது பக்கம் நெருக்கியடிக்கும். சோம்பேறித்தனமாக எல்லா ப்ளேயையும் நடுவிலேயே வைத்து ஓட்டினால் பயிற்சி வேகமாக முடியும், பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் ஆட்டத்தில் பாதி ப்ளே ஓரத்திலிருந்து தொடங்கும்போது ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) கோட்டுக்கு வெளியே போய்விடுவார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் இருந்தபோது இரண்டு அஃபென்ஸ் (பந்தை வைத்து ஆடும் பக்கம்) கோச்கள் மாறினார்கள். முதல் ஆள் காலத்தில் யாராவது ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்தால் கத்துவார், "திரும்ப வாங்க" என்பார், அதே ப்ளேயை மறுபடி ஓடுவார்கள். இரண்டாவது ஆள் கத்தவே மாட்டார். என்னைப் பார்த்துக் கையால் பின்னால் காட்டுவார், நான் பந்தை ஐந்து யார்டு பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். முதல் டவுன், 15 யார்டு. ஸ்கிரிப்டில் இருந்த ப்ளேயை விட்டுவிட்டு 15 யார்டு தேவைப்படும்போது ஆட வேண்டிய ப்ளேக்குத் தாவ வேண்டும். அந்தத் துண்டு முழுக்க அந்த ஐந்து யார்டு பாக்கி எல்லோர் தலையிலும் நிற்கும். முதல் ஆள் காலத்தில் தப்புக்கு விலை இல்லை, அழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்பது பையன்களுக்குப் பழகிப்போயிருந்தது. சனிக்கிழமை நடுவர் அதே இடத்திலிருந்து மறுபடி ஓட விடமாட்டார்.

இன்னொன்று, என் பட்டப்பெயரே இதனால்தான். வியாழக்கிழமை தவறாமல், வானம் எப்படி இருந்தாலும், ஒரு வாளித் தண்ணீரில் மூன்று பந்தைப் போட்டு வைப்பேன். பத்து நிமிடம் சென்டரும் குவார்ட்டர்பேக்கும் அந்தப் பந்தில்தான் ஸ்னாப் செய்வார்கள். நவம்பரில் அந்தத் தண்ணீரில் கையை விட்டால் விரல் மரத்துவிடும். நனைந்த பந்தில் சென்டர் பிடியை மாற்ற வேண்டும், தையலுக்கு மேல் விரலைச் சரியாகப் பதிக்காவிட்டால் மணிக்கட்டு சுழலும்போது வழுக்கிப் பந்து உயரே போகும். எங்கள் சென்டர் முதல் இரண்டு வாரம் திட்டிக்கொண்டே செய்தான். மூன்றாவது வாரத்திலிருந்து ஈரப் பந்துக்கு ஒரு பிடி, உலர்ந்த பந்துக்கு ஒரு பிடி என்று தானாகவே பிரித்துக்கொண்டான்.

உங்கள் மகனிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: பயிற்சியில் தப்பு நடந்த அடுத்த ஐந்து நொடியில் என்ன நடக்கிறது? ஆட்டத்தின் கூட்ட இரைச்சல் போல ஸ்பீக்கர் வைத்துச் சத்தம் போடுகிறார்களா? மழை வந்தால் எங்கே பயிற்சி செய்கிறார்கள்?

நான்காம்_டவுன்

எல்லாவற்றையும் பயிற்சிப் பழக்கத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். இருபது வருடமாக காலேஜ் ஃபுட்பால் பார்க்கிறேன், பெரும்பாலான சனிக்கிழமைகளில் நல்ல ஆட்கள் அதிகம் உள்ள டீம்தான் ஜெயிக்கிறது. அலபாமா டீமில் கோச் நிக் சேபன் எடுத்த ஆறு சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவர் பயிற்சி முறையைச் சொல்கிறார்கள். நாட்டிலேயே சிறந்த பள்ளி வீரர்களை வருடா வருடம் அள்ளிக்கொண்டு வந்ததை அடுத்த வரியில்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் சில ஆட்டங்கள் ஒரே ஒரு நொடியில் திரும்புகின்றன. 2015 அக்டோபர் 17, மிச்சிகன் 23–21 என்று முன்னிலையில் இருக்கிறது, கடிகாரத்தில் 10 விநாடி. ஒரு பன்ட் (பந்தைத் தூரமாக எதிரணிப் பக்கம் உதைப்பது) அடித்தால் போதும். ஸ்னாப் பன்ட்டரின் கையில் நழுவியது, எதிரணியான மிச்சிகன் ஸ்டேட்டின் ஆள் பந்தை எடுத்து ஓடி டச்டவுன், 27–23. அந்தப் பன்ட்டர் தன் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் ஸ்னாப் பிடித்திருப்பார்! அது பயிற்சிக் குறையா?

எனக்கு இன்னொரு சந்தேகம். இந்தக் காலத்தில் பயிற்சியில் மோதலே குறைந்துவிட்டது. பாதி நாள் ஹெல்மெட்டோடு ஓடிவிட்டுப் போகிறார்கள். வாரம் முழுக்க மென்மையாக ஆடிவிட்டுச் சனிக்கிழமை திடீரென்று முழு வேகத்தில் இடி வாங்கினால் பையன்கள் மிரளத்தான் செய்வார்கள். அக்கா பார்த்த அந்த "அழகான" பயிற்சி அந்த ரகமோ என்னவோ.

அசைவும்_நினைவும்

நான் கினிஸியாலஜியில் பிஎச்டி செய்கிறேன், உடல் அசைவுகளை மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் என் பாடம். அக்கா எழுதியதில் "வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ப்ளே தப்பே இல்லாமல்" என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

1979-ல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த ஒரு சோதனை எங்கள் துறையில் எல்லோரும் முதல் வருடத்திலேயே படிப்பது. கையால் சிறு மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டிவிட வேண்டும், மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முழுக்கச் செய்து முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பயிற்சி நடக்கும்போது முதல் குழுதான் வேகம், கலந்து செய்தவர்கள் திணறினார்கள். கொஞ்ச நேரம் கழித்தும், பத்து நாள் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழ். கலந்து செய்தவர்களுக்கு நன்றாக நினைவில் நின்றது, முதல் குழுவுக்கு, குறிப்பாக எந்த வரிசை வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, கை தடுமாறியது.

காரணம் புரிந்துகொள்ள எளிதுதான். ஒரே ஸ்னாப்பை ஐம்பது முறை தொடர்ந்து செய்தால் இரண்டாவது முறையிலிருந்தே மூளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது, சூட்டோடு சூடாகக் கை அதையே திரும்பச் செய்கிறது. ஆட்டத்திலோ ஒரு ஸ்னாப்புக்கும் அடுத்த ஸ்னாப்புக்கும் நடுவே ஒருவனை இடித்து, கீழே விழுந்து, எழுந்து, எதிரணி வரிசை மாறியதைக் கத்திச் சொல்லி, எந்த எண்ணில் பந்தை விட வேண்டும் என்று புதிதாக நினைவுக்குக் கொண்டுவந்து செய்ய வேண்டும். அந்த "புதிதாக நினைவுக்குக் கொண்டுவருவதை"ப் பயிற்சியில் செய்யாதவனுக்கு ஆட்டத்தில்தான் அது முதல் தடவை. அதனால் தப்பே இல்லாத பயிற்சியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான் வரும். ஆனால் புதிதாக ஒன்றைக் கற்கும் ஆளுக்கு ஆரம்பத்தில் ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்வது தேவை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பார்.

@நான்காம்_டவுன், பன்ட்டர் விஷயத்தில் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான நல்ல ஸ்னாப்பைப் பிடித்து உதைத்திருப்பார், உண்மை. கை நழுவிய பந்தின் மேல் அப்படியே விழுந்து படுத்துக்கொள்வதை எத்தனை முறை செய்து பார்த்திருப்பார்? பெரும்பாலான இடங்களில் பன்ட் பயிற்சியில் ஸ்னாப் நழுவினால் பந்தை எடுத்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பதற்றத்தில் கால் தெரிந்ததைத்தான் செய்யப்போகும். பையனைக் குறை சொல்லவில்லை, பாவம், அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான்.

லைன்மேன்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. பந்துக்கூடை தம்பி சொன்ன மூன்று கேள்வியையும் நேற்று இரவு போனில் கேட்டேன். பதில்களைக் கேட்டபோது எனக்கே திக்கென்றது.

தப்பு நடந்தால்: மறுபடி ஓடுவார்களாம். சத்தம்: ஸ்பீக்கர் இருக்கிறதாம், ஆனால் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் வைத்தார்களாம், அதோடு சரி. மழை வந்தால்: உள்ளரங்கத்துக்குப் போய்விடுவார்களாம். இந்த சீசனில் ஈரப் பந்தை அவன் முதன்முதலாகத் தொட்டது அந்த ஆட்டத்தில்தான்!

இன்னொன்றையும் அவனே சொன்னான். பயிற்சியில் குவார்ட்டர்பேக் எப்போதும் முதல் "ஹட்"டுக்கே (ஸ்னாப் செய்யச் சொல்லிக் கத்தும் சொல்) பந்தைக் கேட்கிறாராம், ஸ்கிரிப்ட் சீக்கிரம் முடியட்டும் என்று. ஆட்டத்தில் எதிரணியை ஏமாற்ற இரண்டாவது ஹட்டுக்கு மாற்றுகிறார், லைனில் யாராவது ஒருவன் முதல் ஹட்டுக்கே எழுந்துவிடுகிறான். இதைச் சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டு, "ஓ" என்றான்.

வெள்ளைச்சுண்ணாம்பு

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன். டெக்சஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அஃபென்ஸ் லைன் உதவிக் கோச், அதற்கு முன்னால் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டு வருடம் அதே வேலை.

அக்கா, அந்த "ஓ"வில் பாதி வேலை முடிந்தது. லைன்மேனுக்குக் காதுதான் முதல் தசை. வாரத்தில் நூறு ஸ்னாப்பும் முதல் ஹட்டில் என்றால் உடம்பு முதல் ஹட்டுக்குத்தான் எழும், தலை வேறு சொன்னாலும் கேட்காது. நாங்கள் பயிற்சியில் ஸ்னாப் எண்ணை ஒவ்வொரு ப்ளேக்கும் மாற்றுவோம், நடு நடுவே பந்தே வராத எண் ஒன்று வைப்போம், யாரும் அசையக்கூடாது. சத்தமான மைதானத்துக்கு வேறு முறை: குவார்ட்டர்பேக் காலைத் தூக்கிச் சைகை காட்டுவார், கார்டு (சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் லைன்மேன்) பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சென்டரின் தொடையில் தட்டுவார், சென்டர் மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டுப் பந்தை விடுவார். காகிதத்தில் இது சுலபம். லைனில் உள்ள ஐந்து பேரும் அந்த ஒரு எண்ணை ஒரே தாளத்தில் எண்ண வேண்டும், அதற்கு வாரா வாரம் செய்ய வேண்டும், ஆகஸ்ட்டில் ஒரு நாள் செய்தால் அக்டோபரில் இருக்காது.

நான்காம்_டவுன் சார், மோதலை அதிகப்படுத்தினால் சரியாகும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் பையன்கள் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

1954-ல் கோச் பேர் பிரையன்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம் டீமை ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் தண்ணீர் கூடக் கொடுக்காமல் பத்து நாள் வாட்டினார். இன்றும் வீரக்கதை போலச் சொல்கிறார்கள். அந்த சீசனில் அந்த டீம் ஜெயித்தது ஒன்று, தோற்றது ஒன்பது. 1956-ல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆனார்கள் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அதற்குள் டீமில் பெரும்பாலோர் புதிய ஆட்கள்.

மறுபக்கம் ஜான் காக்லியார்டி. மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், அக்கா மகன் ஆடுகிற அதே டிவிஷன் 3. 1953 முதல் 2012 வரை அங்கே கோச். அவர் பயிற்சியில் டேக்கிள் (ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவது) கிடையாது, விசில் கிடையாது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், "கோச்" என்று கூப்பிடக் கூட விடமாட்டார், ஜான் என்றுதான் கூப்பிட வேண்டும். மொத்தம் 489 வெற்றி. காலேஜ் ஃபுட்பாலில் அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. நாலு தேசிய சாம்பியன்ஷிப். அவர் பையன்கள் சனிக்கிழமை இடி வாங்கி மிரளவில்லை.

ஐவி லீகில் (அமெரிக்காவின் எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் லீக்) டார்ட்மவுத்தின் கோச் பட்டி டீவன்ஸ் 2010-லிருந்து பயிற்சியில் ஆளை ஆள் டேக்கிள் செய்வதை நிறுத்தினார். பஞ்சுப் பொம்மைகள், அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்தின் எஞ்சினீயரிங் மாணவர்களே செய்த ரிமோட்டில் ஓடுகிற பொம்மை, இவற்றின் மேல்தான் பயிற்சி. ஆளுக்கு அடிபடும் என்ற பயமில்லாததால் ஒரு பையன் முன்பைவிட அதிக முறை டேக்கிள் செய்து பழக முடிந்தது. ஆட்டத்தில் டேக்கிள் தவறுவது குறைந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2015-ல் ஐவி பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், 2016-ல் ஐவி லீக் முழுவதும் சீசன் நேரப் பயிற்சியில் டேக்கிளை நிறுத்தியது.

2021-ல் ஒரு ஆய்வு வந்தது, ஆறு டிவிஷன் 1 டீம்களில் ஐந்து சீசன் பார்த்தது. தலையில் அடிபட்டு வந்த கன்கஷன்களில் 72 சதவீதம் பயிற்சியில் வந்தவை, மொத்தக் கன்கஷன்களில் கிட்டத்தட்டப் பாதி சீசன் தொடங்குவதற்கு முந்தைய முகாமில். அதே வருடம் என்சிஏஏ முகாமில் முழு பேடோடு செய்கிற பயிற்சியை 9 ஆகக் குறைத்தது, ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றது. ஒரு நாளைக்கு இரண்டு பயிற்சி என்பதை 2017-லேயே எடுத்துவிட்டார்கள். அடி வாங்கிய பையன் சனிக்கிழமை பெஞ்சில் உட்காருவான். அந்தப் பயிற்சியால் யாருக்கு லாபம்?

ஆட்டம் போலப் பயிற்சி செய்வது என்றால் முடிவெடுக்கும் வேகமும் சூழலும் ஆட்டம் போல இருக்க வேண்டும், எலும்பு முறிய வேண்டியதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆர்மி, நேவி டீம்கள் ஆடுகிற ஆப்ஷன் அஃபென்ஸை (பந்தை யார் கொண்டு ஓடுவது என்பதை ப்ளே நடக்கும்போதே குவார்ட்டர்பேக் முடிவு செய்கிற முறை) எதிர்கொள்ளும் வாரம் எல்லோருக்கும் தலைவலி, ஏனென்றால் பயிற்சியில் எதிரணி போல ஆடிக் காட்டும் நம் ஸ்கௌட் டீம் பையன்கள் ஒரே வாரத்தில் அதை அந்த வேகத்தில் ஆடிக் காட்ட முடியாது, அட்டையில் வரைந்த படத்தைப் பார்த்து மெதுவாக ஓடுவார்கள், நம் டிஃபென்ஸும் அந்த மெதுவான வேகத்துக்குப் பழகிவிடும். சில கோச்கள் அந்த வாரம் பயிற்சியில் பந்தையே எடுத்துவிடுவார்கள். பந்து இல்லை, ஆகவே யாரும் பந்தைத் தேட முடியாது, அவரவர் பிடிக்க வேண்டிய ஆளைப் போய்ப் பிடிக்க வேண்டும். யாருக்கும் அடிபடாது, ஆனால் கண்ணுக்குச் சரியான பழக்கம் வருகிறது. நாங்கள் எங்கள் சிறிய கல்லூரியில் ஒரு முறை செய்து பார்த்தோம், முதல் பத்து ப்ளே பார்க்கக் கண்றாவியாக இருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகிவிட்டது.

நான்காம்_டவுன்

காக்லியார்டி பற்றித் தெரியாது, நன்றி. 489 என்பது பெரிய எண், யோசிக்க வைக்கிறது. ஆனால் திறமை பற்றிச் சொன்னதில் மாறவில்லை: இரண்டு டீமும் ஏறக்குறைய சமம் என்றால்தான் இந்தப் பழக்கங்கள் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். டிவிஷன் 3-ல் பெரும்பாலும் சமம்தான், அதனால் அக்கா மகனுக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

லைன்மேன்_அம்மா

இப்போது என் குழப்பம்: இதை அவன் கோச்சிடம் சொல்லலாமா? இருபது வயதுப் பையன் போய், நீங்கள் பயிற்சி நடத்துவது சரியில்லை என்றால் எப்படி எடுத்துக்கொள்வார்?

பந்துக்கூடை

அக்கா, அவன் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். பயிற்சி முடிந்ததும் குவார்ட்டர்பேக்கைப் பத்து நிமிடம் இருக்கச் சொல்லட்டும், ஒரு வாளி, இரண்டு பழைய பந்து, ஒரு துண்டு. அவ்வளவுதான் வேண்டும். உலர்ந்த பந்தில் ஒன்று, ஈரப் பந்தில் ஒன்று, எண்ணை மாற்றி மாற்றி. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் பிறகு இரண்டு அடி முன்னால் போய் யாரையாவது தடுப்பது போல நின்றுவிட்டுத் திரும்பி வர வேண்டும், அசைவும்_நினைவும் சொன்னார்களே, அதற்காக. இது கோச்சின் கண்ணில் பட்டால் அவரே கேட்பார்.

வெள்ளைச்சுண்ணாம்பு

ஆமாம். ஸ்னாப் எண்ணை மாற்றுவதை மட்டும் குவார்ட்டர்பேக்கே லைன் கோச்சிடம் கேட்கலாம், "இந்த வாரம் இரண்டாவது ஹட்டில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமா" என்று. எந்த லைன் கோச்சும் அதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார். என்னிடம் ஒரு பையன் வந்து அப்படிக் கேட்டால் எனக்கு அன்று முழுக்க சந்தோஷமாக இருக்கும்.

லைன்மேன்_அம்மா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பதில் சொன்னவர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதல் வாரம் இவனும் குவார்ட்டர்பேக்கும் மட்டும்தான் வாளியோடு நின்றார்கள். இரண்டாவது வாரம் இரண்டு கார்டுகளும் சேர்ந்துகொண்டார்கள், தொடையில் தட்டுகிற அந்தச் சைகையை இவர்களே பழகினார்கள். லைன் கோச் ஒரு நாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ஸ்பீக்கர் இருந்ததாம். நான் அன்றைக்குப் போயிருந்தேன், உண்மையிலேயே அசிங்கமான பயிற்சி. இரண்டு பேர் முன்னால் எழுந்துவிட்டார்கள், ஒரு ஸ்னாப் குவார்ட்டர்பேக் தலைக்கு மேல் போனது, பந்தை எடுக்க ஓடினார்கள். ஒரு மாதம் முன்னால் என்றால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

போன சனிக்கிழமை தூறல், வெளியூர் மைதானம். ஃபால்ஸ் ஸ்டார்ட் ஒன்று. ஸ்னாப்பில் ஒன்று தாழ்வாகப் போனது, குவார்ட்டர்பேக் புல்லிலிருந்து அள்ளி எடுத்துவிட்டார். ஆட்டம் 20–17 என்று தோற்றார்கள், கடைசி ஃபீல்டு கோல் கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. வண்டியில் ஏறியதும் நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவனே ஆரம்பித்தான், ஊர் வந்து சேரும் வரை நிறுத்தவில்லை: மூன்றாவது குவார்ட்டரில் சத்தத்துக்கு நடுவே இரண்டாவது எண்ணில் பந்தை விட்டபோது எதிரணி ஆள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டதையும், ஐந்து யார்டு இலவசமாகக் கிடைத்ததையும் நாலு தடவை சொன்னான்.

வலது கை ஆள்காட்டி விரல் நுனி குளிர்த் தண்ணீரில் வெடித்திருக்கிறது. அதற்கு என்ன தடவலாம் என்று தெரிந்தால் சொல்லுங்கள், பிசுபிசுப்பாக இருந்தால் பந்தில் ஒட்டும் என்று எதையும் போட மறுக்கிறான். நாளை மறுநாள் மறுபடி பயிற்சி, வாளியை நிரப்பிக்கொண்டு வருவது இந்த வாரம் இடது கார்டின் முறையாம்.

பந்துக்கூடை

ராத்திரி படுக்கும்போது வாஸ்லைன் தடவிப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் அக்கா, காலையில் கழுவிவிடலாம். எங்கள் சென்டர் நவம்பர் முழுக்க அப்படித்தான் தூங்கினான்.